பையனை மட்டும் அளந்தால் போதுமா?

பதிவு கொஞ்சம் நீளம்தான். ஒரு காபியோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

2025 ஏப்ரல் 24, வியாழக்கிழமை அன்று, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே என்ற ஊரில் என்.எஃப்.எல். டிராஃப்ட் தொடங்கியது. மூன்று நாள் நடந்தது. அதற்கு முன் இரண்டு வாரமாக அங்கே வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இதே பேச்சுதான். கேம் வார்டா, ஷெடூர் சாண்டர்ஸா, யார் உண்மையான குவார்ட்டர்பேக் என்று பக்கம் பக்கமாக வாதம். "சார், நீங்க என்ன சொல்றீங்க?" என்று இரண்டு பேர் கேட்டும் விட்டார்கள். மகள் வீட்டில் தங்கிய குளிர்காலங்களில் பேரன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பழகிய ஆட்டம் இது. அதனால் என் கருத்தைச் சொல்கிறேன். நீங்கள் எல்லோரும் பாதிக் கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். பையன் எப்படி என்று கேட்கிறீர்கள். அவன் போகப் போகிற இடம் எப்படி என்று கேட்பதில்லை.

ஊரில் இருக்கும் உறவினர்களுக்காக ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெயர் ஃபுட்பால் என்றாலும் நம் கால்பந்து இல்லை இது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவார்கள், எறிவார்கள். பக்கத்துக்கு 11 பேர். தாக்கும் அணியின் மூளை குவார்ட்டர்பேக். ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள எதிரணிக்காரர்கள் அவரைச் சாய்க்கப் பாய்ந்து வருவார்கள். அதற்குள், சுமார் மூன்று நொடியில், தன் ஆட்களில் யார் தனியாக இருக்கிறார், யாரை மறித்திருக்கிறார்கள் என்று பார்த்துப் பந்தை எறிய வேண்டும்.

டிராஃப்ட் என்பது நம் ஐ.பி.எல். ஏலம் மாதிரி இல்லை. விலை கேட்பது கிடையாது. மொத்தம் 32 அணிகள், ஏழு சுற்று. போன வருடம் கடைசியில் நின்ற அணிக்கு முதல் வாய்ப்பு. வேறு அணியோடு பேரம் பேசி இடத்தை மாற்றிக்கொள்ளலாம். பள்ளி முடித்து மூன்று வருடமாவது ஆன கல்லூரி ஆட்டக்காரர்கள் காத்திருப்பார்கள். தேர்ந்தெடுக்கும் உரிமை அணிக்குத்தான். "எனக்கு இந்த ஊர் வேண்டாம்" என்று சொல்லும் உரிமை பையனுக்கு அநேகமாகக் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் வாதம் முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

முதலில், அணிகள் எதை அளக்கின்றன என்று பார்ப்போம். ஒவ்வொரு வருடமும் பிப்ரவரி கடைசியை ஒட்டி இண்டியானாபோலிஸ் நகரத்தில் கம்பைன் என்று ஒரு பரிசோதனை முகாம் நடக்கும். உயரம், எடை, 40 கஜ ஓட்டம், எல்லாம் அளப்பார்கள். கையை விரித்துச் சாணையும் அளப்பார்கள். 2020இல் ஜோ பர்ரோவுக்குச் சாண் ஒன்பது அங்குலம்தான் என்று பெரிய செய்தியானது. சின்சினாட்டி அணி அவரையே முதலாவதாக எடுத்தது. இரண்டாவது வருடத்திலேயே அணியை அவர் சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனார்.

டாம் பிரேடி கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 2000ஆம் ஆண்டு. 40 கஜத்தை 5.28 நொடியில் ஓடினார். ஆமை வேகம் என்று சிரித்தார்கள். ஆறாவது சுற்றில் 199ஆவது ஆளாகத்தான் நியூ இங்கிலாந்து அணி அவரை எடுத்தது. அவருக்கு முன்னால் ஆறு குவார்ட்டர்பேக்குகள் தேர்வாகியிருந்தார்கள். அவர் வென்றது ஏழு சூப்பர் பவுல். 2022இல் 262ஆவது ஆளாக, அந்த டிராஃப்டின் கடைசிப் பெயராக அழைக்கப்பட்டவர் பிராக் பர்டி. இரண்டு வருடத்துக்குள் சான் ஃபிரான்சிஸ்கோவைச் சூப்பர் பவுலுக்கு அழைத்துப் போய்விட்டார்.

அறிவையும் அளந்தார்கள். வொண்டர்லிக் என்று ஒரு தேர்வு, 12 நிமிடத்தில் 50 கேள்வி. பல வருடம் நடத்திவிட்டு 2022இல் கம்பைனிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். அடுத்ததாக கணினித் திரையில் எஸ்2 என்று ஒரு சோதனை வந்தது. 2023இல் சி.ஜே. ஸ்ட்ரவுட்டின் மதிப்பெண் மிகக் குறைவு என்று செய்தி கசிந்தது. "இந்தப் பையனால் வேகமாக முடிவெடுக்க முடியாது" என்று பேசினார்கள். அந்த வருடத்தின் சிறந்த அறிமுகத் தாக்குதல் வீரர் விருதை அவர்தான் வாங்கினார்.

வாழ்நாள் முழுக்கக் கேள்வித்தாள் தயாரித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். தேர்வே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எதற்காகத் தேர்வு வைக்கிறோமோ அதை அந்தத் தேர்வு தொடுகிறதா என்பதுதான் கேள்வி. மூன்று நொடியில் ஐந்து பேரின் நடமாட்டத்தைப் படிக்கும் திறமை, ஓட்டப் பாதையிலும் தெரியாது, சாணிலும் தெரியாது.

ஆட்டப் பதிவுகளில் ஓரளவு தெரியும். ஆனால் அதைப் பார்க்கவும் ஒரு பக்குவம் வேண்டும். கல்லூரி ஆட்டத்தில் பெரிய அணி ஒன்றில் இருந்தால், பந்து வாங்குபவர் எதிராளியைவிட இரண்டு கஜம் தள்ளி நிற்பார். யார் எறிந்தாலும் போய்ச் சேரும். தொழில்முறை ஆட்டத்தில் அந்த இடைவெளி ஒரு கை அகலம். ஆகவே மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் கஷ்டமான கேள்விகளுக்கு என்ன எழுதினான் என்று பார்க்க வேண்டும். எதிரணி சூழ்ந்தபோது என்ன செய்தான்? முதலில் நினைத்த ஆள் மறிக்கப்பட்டால் இரண்டாவது, மூன்றாவது ஆளைத் தேடினானா, பதறி ஓடினானா?

எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறான் என்பதும் முக்கியம். 2017இல் சிகாகோ இரண்டாவதாக எடுத்த மிட்ச் ட்ருபிஸ்கி கல்லூரியில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியது 13 ஆட்டம். 2023இல் நான்காவதாகப் போன ஆண்டனி ரிச்சர்ட்சனும் 13 ஆட்டம்தான். இருவரும் தடுமாறினார்கள். 2024இல் வந்த போ நிக்ஸ் 61 ஆட்டம், ஜேடன் டேனியல்ஸ் 55 ஆட்டம் ஆடிவிட்டு வந்தவர்கள். வந்த வருடமே தங்கள் அணிகளை பிளே-ஆஃப் சுற்றுக்குக் கொண்டுபோனார்கள். ஆபர்னில் ஒரே பருவம் தொடக்க ஆட்டக்காரராக ஆடிவிட்டு வந்து ஜெயித்த கேம் நியூட்டன் மாதிரி விதிவிலக்கும் உண்டு. ஆனால் விதிவிலக்கை நம்பி விதை விதைக்க முடியாது.

அளப்பவரின் கண்ணிலும் கோளாறு இருக்கலாம். வாரன் மூன் என்று ஒருவர். 1978இல் ரோஸ் பவுல் ஆட்டத்தில் சிறந்த ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கியவர். கறுப்பினத்தவர். அவரைக் குவார்ட்டர்பேக்காக நம்பி எடுக்க எந்த என்.எஃப்.எல். அணியும் முன்வரவில்லை. கனடாவுக்குப் போனார். எட்மன்டன் அணிக்காக ஐந்து முறை கோப்பை வென்றார். 1984இல்தான் ஹூஸ்டன் அணி மூலம் என்.எஃப்.எல்.லுக்குள் வந்தார். 2006இல் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் ஏறியது.

அதெல்லாம் பழைய காலம் என்று நினைக்க வேண்டாம். நாற்பது வருடம் கழித்து 2018இல் லமார் ஜாக்சன் வந்தார். கல்லூரி ஆட்டத்தின் உச்ச விருதான ஹைஸ்மன் வாங்கியவர். "அவரைப் பந்து வாங்குபவராக மாற்றுங்கள்" என்று பில் போலியன் போன்ற அனுபவசாலியே வெளிப்படையாகச் சொன்னார். பிறகு தன் கணிப்பு தவறு என்று அவரே ஒப்புக்கொண்டார். முதல் சுற்றின் கடைசியில், 32ஆவதாக, பால்டிமோர் ஜாக்சனை எடுத்தது. அடுத்த வருடமே ஒரு வாக்கு கூட மாறாமல் லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் ஆனார்.

இனி என் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அதே 2018ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் ஐந்து குவார்ட்டர்பேக்குகள். பேக்கர் மேஃபீல்ட் கிளீவ்லாந்துக்கு, சாம் டார்னல்ட் நியூயார்க் ஜெட்ஸுக்கு, ஜாஷ் ஆலன் பஃபலோவுக்கு, ஜாஷ் ரோஸன் அரிசோனாவுக்கு, ஜாக்சன் பால்டிமோருக்கு.

ரோஸன் சேர்ந்த அணி அந்த வருடம் மூன்றே ஆட்டம் ஜெயித்தது. பயிற்சியாளரை ஒரே வருடத்தில் நீக்கினார்கள். புதியவர் வந்ததும் அடுத்த டிராஃப்டில் முதலாவதாக வேறொரு குவார்ட்டர்பேக்கை எடுத்துவிட்டு ரோஸனை அனுப்பிவிட்டார்கள். 22 வயதுப் பையனுக்கு ஒரு வருடம்தான் கெடு! டார்னல்டின் முதல் பயிற்சியாளரும் ஒரே பருவத்தில் போய்விட்டார். மூன்று வருடத்தில் டார்னல்டையும் தள்ளிவிட்டார்கள். கிளீவ்லாந்தைக் கேட்கவே வேண்டாம். 1999இலிருந்து இன்றுவரை ஏறக்குறைய 40 பேரைத் தொடக்கக் குவார்ட்டர்பேக்காக இறக்கிப் பார்த்த அணி அது.

பஃபலோ என்ன செய்தது? ஆலனுக்குக் கல்லூரியில் நூற்றுக்கு 56 எறிகள்தான் சரியாகப் போயின. முதல் வருடம் அதைவிட மோசம். ஆனால் தலைமைப் பயிற்சியாளர் மாறவில்லை, தாக்குதல் பயிற்சியாளரும் நான்கு வருடம் மாறவில்லை. 2020இல் ஸ்டெஃபான் டிக்ஸ் என்ற நல்ல பந்து வாங்குபவரையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த வருடம் 69 சதவீதம். 2025 பிப்ரவரியில் லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது ஆலனுக்குத்தான். பால்டிமோர் இன்னும் ஒரு படி மேலே. ஜாக்சனைத் தங்கள் ஆட்டத்துக்கு வளைக்காமல், தங்கள் தாக்குதல் முறையையே அவருக்கு ஏற்றபடி மாற்றி எழுதினார்கள்.

"தோற்றவர்கள் திறமை இல்லாதவர்கள், அவ்வளவுதான்" என்பீர்கள். அப்படியானால் மேஃபீல்டையும் டார்னல்டையும் எப்படி விளக்குவீர்கள்? ஓர் அணி விற்று, அடுத்த அணி கைவிட்ட மேஃபீல்ட், டாம்பா பே போனார். முதல் இரண்டு வருடமும் தன் பிரிவில் முதலிடம். டார்னல்ட் 2024 பருவத்தில் மினசோட்டாவுக்காக 17 ஆட்டத்தில் 14 வெற்றி தேடித் தந்தார். பையன்கள் அதே பையன்கள்தான், மாறியது இடம் மட்டுமே.

இதில் என் மனதைத் தொட்ட கதை அலெக்ஸ் ஸ்மித்துடையது. 2005இல் முதலாவதாகத் தேர்வானவர். சான் ஃபிரான்சிஸ்கோவில் அவருக்கு அநேகமாக வருடத்துக்கு ஒரு தாக்குதல் பயிற்சியாளர். ஒவ்வொரு வருடமும் புதிய பாடத்திட்டம், புதிய வாத்தியார். எந்த மாணவன் உருப்படுவான்? வீண் தேர்வு என்று பெயர் வாங்கினார். 2011இல் ஜிம் ஹார்பா வந்த பிறகுதான் தலை நிமிர்ந்தார். பிறகு கான்சஸ் சிட்டி போனார். அங்கே 2017இல், அவர் இடத்தைப் பிடிக்கப் போகும் பையனாக பேட்ரிக் மஹோம்ஸ் வந்து சேர்ந்தார். பத்தாவது ஆளாகத் தேர்வானவர் அவர். பருவம் முழுக்க ஸ்மித் ஆட, மஹோம்ஸ் உட்கார்ந்து பார்த்தார். கடைசி ஆட்டம் ஒன்றில் மட்டும் இறங்கினார். வாரா வாரம் எப்படித் தயாராக வேண்டும் என்று ஸ்மித்தைப் பார்த்துக் கற்றதாக மஹோம்ஸ் பலமுறை நன்றியோடு சொல்லியிருக்கிறார். தனக்குக் கிடைக்காததை அடுத்தவனுக்குக் கொடுத்த மனுஷன் ஸ்மித். மஹோம்ஸிடம் இப்போது மூன்று சூப்பர் பவுல் வெற்றி.

2025 டிராஃப்ட் நடந்த கிரீன் பேக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சுமார் ஒரு லட்சம் மக்கள் வாழும் ஊர். அணிக்குத் தனி முதலாளி கிடையாது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள். 2005இல் ஆரன் ராஜர்ஸை 24ஆவதாக எடுத்து, பிரெட் ஃபாவ்ருக்குப் பின்னால் மூன்று வருடம் காத்திருக்க வைத்தார்கள். 2020இல் ஜோர்டன் லவ்வை எடுத்து, அதே ராஜர்ஸுக்குப் பின்னால் மூன்று வருடம். இருவருமே தேறினார்கள். அவசரப்படும் அணிகள் எல்லாம் அந்த ஊரில் கூடின. ஊரைக் கொஞ்சம் சுற்றிப் பார்த்துவிட்டுப் பெயரைச் சொல்லியிருந்தால் தேவலை.

ஏன் இந்த அவசரம்? பணக் கணக்கு ஒன்று இருக்கிறது. 2010இல் முதலாவதாகத் தேர்வான சாம் பிராட்ஃபர்டுக்கு 5 கோடி டாலர் உறுதிப்பணம். அடுத்த வருடம் விதி மாறியது. 2011இல் நியூட்டனுக்கு மொத்த ஒப்பந்தமே 2.2 கோடி டாலர். புதியவர் நான்கு வருடம் மலிவாகக் கிடைக்கிறார். அதற்குள் அவரை ஆடவைத்துப் பலன் பார்த்துவிட வேண்டும் என்று எல்லோரும் துடிக்கிறார்கள். பயிற்சியாளருக்கும் மேலாளருக்கும் தங்கள் வேலை நிலைக்குமா என்ற பயம். வேலைக்குப் பயந்தவர்கள் அடுத்தவர் பிள்ளையைப் பொறுமையாக வளர்க்க மாட்டார்கள்.

எதிர்வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். உட்காரவைப்பது மட்டும் மருந்தாகாது. பேட்டன் மேனிங் 1998இல் முதல் வருடமே எல்லா ஆட்டத்திலும் இறங்கினார். 28 முறை பந்தை எதிரணியிடம் கொடுத்தார். அணி அவரை அசைக்கவில்லை. ஐந்து முறை மதிப்புமிக்க ஆட்டக்காரர் ஆனார். இடம் நன்றாக இருந்தும் தன்னால் கெட்டவர்களும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம் என்பதையும் ஏற்கிறேன். நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலரும் கேட் மாஸியும் டிராஃப்டை ஆராய்ந்தார்கள். ஓர் இடத்துக்கு எடுக்கப்பட்ட ஆள், அதே இடத்துக்கு அடுத்ததாக எடுக்கப்பட்ட ஆளைவிடச் சிறந்தவராக அமைய வாய்ப்பு பாதிக்குக் கொஞ்சம்தான் மேலே என்று கண்டார்கள். காசு சுண்டுவதைவிட ஒரு பிடி அதிகம், அவ்வளவே. ஆள் தேர்வில் இவ்வளவுதான் நம் சாமர்த்தியம் என்றால், மிச்ச சக்தியை வளர்ப்பதில் செலவிடுவதுதானே புத்தி?

இப்போது வார்டும் சாண்டர்ஸும். வார்டின் பள்ளி அணி எறிவதைவிட ஓடுவதையே நம்பிய அணி. அதனால் அவரைப் பெரிய கல்லூரி எதுவும் கண்டுகொள்ளவில்லை. இன்கார்னெட் வேர்ட் என்ற சிறிய பல்கலைக்கழகத்தில் தொடங்கி, வாஷிங்டன் ஸ்டேட் போய், மயாமி வந்து, 2024 பருவத்தில் 39 டச்டவுன் எறிந்தார். மூன்று இடத்திலும் வளர்ந்திருக்கிறார். எனக்கு மதிப்பெண்ணைவிட அந்த வளர்ச்சிக் கோடுதான் பெரிது. சாண்டர்ஸுக்கு அதே பருவத்தில் நூற்றுக்கு 74 எறி துல்லியம். ஆனால் கல்லூரியில் அவருக்கு அப்பா டீயான் சாண்டர்ஸ்தான் எப்போதும் பயிற்சியாளர். 2024 பருவத்தில் 40 தடவைக்கு மேல் எதிரணி அவரைச் சாய்த்தது. காவல் வரிசை மோசமா, பந்தை அதிக நேரம் வைத்திருக்கிறாரா? நேர்மையான பதில், இரண்டும் கலந்தது என்பதே. இதைக் கண்டுபிடிக்க சாணை அளந்து பயனில்லை.

அந்த டிராஃப்டுக்கு முன் முதல் மூன்று வாய்ப்பும் டென்னஸி, கிளீவ்லாந்து, நியூயார்க் ஜயன்ட்ஸ் கையில் இருந்தன. மூன்று அணிகளும் 2024 பருவத்தில் 17 ஆட்டத்தில் மூன்றே வெற்றி. அந்த அணிகளை நான் மூன்று கேள்வி கேட்பேன். இந்தப் பையனைக் காக்க உங்களிடம் காவல் வரிசை இருக்கிறதா? இன்று அவனுக்குப் பாடம் எடுக்கும் பயிற்சியாளர் மூன்று வருடம் கழித்தும் இருப்பாரா? முதல் வருடம் அவன் தோற்றால் முதலாளி வாய் மூடி இருப்பாரா? 2024இல் முதலாவதாக வந்த கேலப் வில்லியம்ஸை 68 தடவை சாய்க்கவிட்டு, பருவம் முடியும் முன்பே பயிற்சியாளரையும் நீக்கிய சிகாகோ இந்தக் கேள்விகளை முன்பே கேட்டிருக்கலாம். மூன்றுக்கும் "இல்லை" என்றால், யாரை எடுத்தாலும் பாவம் அந்தப் பையன்தான். வாய்ப்பை விற்றுவிட்டு முதலில் வீட்டைக் கட்டுங்கள் என்பேன்.

என் மாணவர்களில் பலர் இன்று அலுவலகங்களில் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் நாற்காலியில் இருக்கிறீர்கள். சிலர் ஆசிரியர்களாகவே ஆகிவிட்டீர்கள். வந்தவன் தேறவில்லை என்று குறிப்பு எழுதும் முன், அந்த முதல் வருடம் அவனுக்கு எத்தனை மேலாளர் மாறினார்கள் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

டிராஃப்ட் இரவு மேடையில் பெயரை அறிவிக்கும்போது எல்லோரும் பையன் முகத்தையும் அவன் அம்மாவின் கண்ணீரையும் பார்ப்பீர்கள். பாருங்கள். அப்படியே அவன் எந்தத் தொப்பியை எடுத்துத் தலையில் வைக்கிறான் என்றும் பாருங்கள். அவன் தலைவிதியில் பாதி அந்தத் தொப்பியில் இருக்கிறது.

வார்டு கட்சி, சாண்டர்ஸ் கட்சி இரண்டும் கீழே கருத்து எழுதலாம். மரியாதையாக எழுத வேண்டும். வாத்தியார் படித்துக்கொண்டுதான் இருப்பேன்.

அன்புடனும் ஆசிகளுடனும்,
உங்கள் ஆசிரியர்